மூளி வேஷத்துக்கு ஆள் இல்லை

மொட்டை மாடியில் ஆறு பெண்பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுழன்றார்கள். ஒருத்தி வானத்தைப் பார்த்துக் கையை விரித்தாள். இன்னொருத்தி தொப்பென்று விழுந்து எழுந்து மறுபடி விழுந்தாள். தண்ணீர்த் தொட்டி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "வயித்தைப் பிடிக்காதீங்கத்தா. பட்டினி கெடக்குறவன் இப்படித் துள்ள மாட்டான்" என்று சொல்லிவிட்டேன்.

பாட்டு நின்றது. பேத்தி செல்போனை அணைத்துவிட்டு இடுப்பில் கைவைத்தபடி வந்தாள். "அப்ப எப்படி இருப்பான்? நீங்களே சொல்லுங்க தாத்தா."

அவள் எட்டு வருஷம் பரதம் கற்றவள். பிறகு சென்னைக்குப் போய் இந்தப் புதுவகை நடனத்தைப் பிடித்துக்கொண்டாள். சலங்கை கிடையாது, முத்திரை கிடையாது, தரையில் உருளுவார்கள். 1876-ஆம் வருஷத்துத் தாதுப் பஞ்சத்தை எடுத்து நாற்பது நிமிஷ ஆட்டமாகச் செய்யப் போகிறாள். படித்த புத்தகங்களின் பட்டியலே இரண்டு பக்கம் இருந்தது. அத்தனையும் படித்துவிட்டு எதற்கு வயிற்றைப் பிடிக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

நான் முப்பத்து நான்கு வருஷம் நெல்லும் அரிசியும் அடுக்கிய கிட்டங்கியில் எழுத்தராக இருந்தவன். மூட்டையில் குத்தூசி விட்டு, உள்ளங்கையில் விழும் பத்து மணியைப் பார்த்தே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். தானியத்தைப் பற்றிக் கேட்டால் பேசுவேன். நடனம் எனக்குத் தெரியாது. ஆனால் பட்டினியின் நடை எப்படி இருக்கும் என்பது எங்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்த விஷயம். என் அப்பத்தா அதை அவளுடைய மாமியாரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அந்தப் பூட்டிக்குத் தாது வருஷத்தில் ஏழு வயது.

பூட்டி சொன்னதாக அப்பத்தா சொன்னது இவ்வளவுதான்: சத்தமே இருக்காதாம். முதல் மாசம் ஊரே சண்டை போட்டது, கோயிலுக்கு ஓடியது, வானத்தை ஏசியது. அதன்பிறகு பேச்சு குறைந்தது. புளியமரத்தடியில் உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். கால் வீங்கியவர்கள் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மூக்கில் ஈ உட்கார்ந்தால் விரட்ட மாட்டார்கள். கையைத் தூக்குவதற்கும் ஒரு வாய்க் கஞ்சி செலவாகும் என்று உடம்புக்கே தெரிந்துவிடுகிறது. பிள்ளைகள் அழுகிறவரைக்கும் பயமில்லை, அழுகை நின்றால்தான் பயம்.

பேத்தி இதைக் குறித்துக்கொண்டாள். மற்ற ஐந்து பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

கீழே போய்ப் பழைய தராசை எடுத்துவரச் சொன்னேன். அரிசி 450 கிராம் நிறுத்து ஒரு எவர்சில்வர் தட்டில் கொட்டினேன். தட்டின் விளிம்பைக்கூடத் தொடவில்லை. தில்லியிலிருந்து வைஸ்ராய் லிட்டன் அனுப்பி, 1877 தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்கு வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் நாள் முழுக்க மண் வெட்டும் ஆம்பளைக்கு இது போதும் என்றார். ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. 'டெம்பிள் கூலி' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், இதைத் தின்று உழைக்க முடியாது, செத்துப்போவார்கள் என்று எதிர்த்து எழுதினார். அவர் எழுதிய பிறகும் கொஞ்ச காலம் அதே கூலிதான் ஓடியது. அந்த வருஷம் ஜனவரி 1-ஆம் தேதி தில்லியில் தர்பார் நடத்தி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்து, விருந்து போட்டார்கள். தென்னாட்டில் மழை பொய்த்துக் கிடந்தபோது துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. செத்தவர்கள் 55 லட்சம் என்பது ஒரு கணக்கு. அதற்கு மேலே சொல்கிறவர்களும் உண்டு.

தட்டிலிருந்த அரிசியை ஒரு பெண் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "இவ்வளவுதானா" என்றாள். மண்வெட்டியோடு சேர்த்து என்றேன்.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நம் வருஷப் பெயர்கள் அறுபதும் சுற்றிச் சுற்றி வருபவை. தாது 1936 சித்திரையில் மறுபடி வந்தது. அப்போது பூட்டிக்கு அறுபத்தேழு வயது. முந்தின தை மாசமே அவள் ஆரம்பித்துவிட்டாளாம். வீட்டுக் குலுக்கை இரண்டையும் கம்பும் சோளமும் போட்டு நிரப்பி, வாயை மண் பூசி அடைத்தாள். மேற்கொண்டு மூன்று பானைகளைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தாள். என் அப்பாவுக்கு அப்போது பதினாறு வயது. தோண்டியவர் அவர்தான். ஊர் சிரித்தது. திருமங்கலத்துக்கு மேற்கே எங்கள் கரிசல் பக்கம் அந்த வருஷம் பெரிய கெடுதல் எதுவும் நடக்கவில்லை. மழை சுமார், வெள்ளாமையும் சுமார். வருஷம் முடிந்து ஈசுவர பிறந்த அன்றைக்குத்தான் பூட்டி குலுக்கையைத் திறக்க விட்டாளாம். பாதிக் கம்பில் வண்டு விழுந்திருந்தது. அதையும் புடைத்து எடுத்துத்தான் தின்றார்கள்.

அடுத்த தாது 1996-இல் வந்தது. நான் சர்க்கார் சம்பளக்காரன், கிட்டங்கியில் ஆயிரக்கணக்கான மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவன். நாட்டில் பஞ்சம் வராது என்பதற்கான கணக்குப் புத்தகமே என் மேஜையில் இருந்தது. அப்படியும் அந்தச் சித்திரை முதல் வாரத்தில் ஒரு மூட்டைப் புழுங்கலரிசியைக் கூடுதலாக வாங்கி மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். எதற்கு என்று வீட்டில் கேட்டதற்கு விலை ஏறப்போகிறது என்றேன். விலை ஏறவில்லை. நான் சொன்னது பொய் என்று எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது.

வீட்டுப் பெரிசுகளிடம் இப்படி அசட்டுத்தனங்கள் நிறைய இருக்கும். அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டித் தின்பது, பழைய சாக்கைத் தூக்கிப் போட விடாதது, கல்யாணப் பந்தியில் அடுத்தவர் இலையில் மிஞ்சியதைப் பார்த்து முகம் சுளிப்பது. இளையவர்கள் அதைக் கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் பொறுத்து, இது எந்த வருஷத்திலிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். 'பஞ்சத்துல அடிபட்டவன் மாதிரி' என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக் கேலி பேசுகிறோமே, அடிபட்டது யார் என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா? தாத்தாவோ பூட்டனோ யாரோ ஒருவர் அடிபட்டதால்தான் அந்தப் பேச்சு நம் வாயில் இருக்கிறது. சர்க்காருக்கும் அந்த ஞாபகம் உண்டு என்று நான் நினைப்பேன். பள்ளிக்கூடத்தில் சோறு போடுவது 1956-இல் காமராசரால் பரவி, 1982-இல் எம்.ஜி.ஆரால் பெரிதாகி, 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி காலைச் சிற்றுண்டியாக இதே மதுரையில்தான் தொடங்கியது. பட்ஜெட் பேசுகிறவர்கள் அதைச் செலவு என்று எழுதுவார்கள். என் கணக்கில் அது பூட்டியின் குலுக்கை.

பேத்தியிடம் நான் சொன்ன அடுத்த சங்கதி, இந்த ஆட்டத்தைப் புதுசு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம் என்பது. தாதுப் பஞ்சத்தை நம் பெண்கள் அப்போதே ஆடிவிட்டார்கள். பஞ்சக் கும்மி என்று இருந்தது. புலவர் செ. இராசு அவற்றைத் தேடித் தொகுத்து 'பஞ்சக் கும்மிகள்' என்று புத்தகமாகவே போட்டிருக்கிறார். கும்மி எதற்கு அடிப்பது? முளைப்பாரிக்கு, சடங்குக்கு, பொங்கலுக்கு. கை தட்டி, குனிந்து நிமிர்ந்து, வட்டம் சுற்றிச் சந்தோஷத்துக்கு ஆடுவது. அந்த மெட்டில், அதே அடவில், எந்த ஊரில் என்ன விலை விற்றது, எதைப் பிடுங்கித் தின்றார்கள், யார் யாரை விட்டுப் போனார்கள் என்பதையெல்லாம் வைத்தார்கள். ஒப்பாரி இருந்தது, மாரடிப்பு இருந்தது, அதில் வைக்காமல் கும்மியில் ஏன் வைத்தார்கள் என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். ஒப்பாரிக்கு ஒரு பிணம் வேண்டும், இன்னார் செத்தார் என்று பெயர் சொல்லி அழ வேண்டும். எல்லாரும் செத்தால் யார் பேரைச் சொல்லி அழுவது? கும்மியில்தான் எல்லாருக்கும் இடம் இருக்கிறது. இது என் ஊகம்தான், புலவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மழை தப்பினால் மழைச்சோறு எடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சோறும் கஞ்சியும் வாங்கி, ஒன்றாகக் கலந்து, ஊர்ப் பொதுவில் வைத்து உண்பார்கள். ஊரைவிட்டே போகப்போகிறோம் என்று வானத்துக்குக் கேட்கும்படி அழுவார்கள். இன்னும் முற்றினால் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுப்பார்கள். அதுவும் கூத்துத்தான்.

வெளியூரிலும் உண்டு. வங்கத்தில் 1943-இல் பஞ்சம் வந்து முப்பது லட்சம் பேர் வரை செத்தபோது, பினாய் ராய் என்பவர் ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு பசியைப் பாட்டும் ஆட்டமுமாக ஊர் ஊராகக் கொண்டுபோய் நிதி திரட்டினார். அந்த வழியில் இப்டா நாடக மன்றத்தார் பம்பாயில் ஒரு நடனக் குழுவே வைத்தார்கள். உதயசங்கரின் அல்மோரா கலைக்கூடத்திலிருந்து வந்த சாந்தி பர்தன் அதை நடத்தினார். ஜப்பானில் புட்டோ என்று ஒரு நடனம், அதை உண்டாக்கியவர்களில் முக்கியமானவர் ஹிஜிகாட்டா தத்சுமி. குளிரில் விளைச்சல் அடிக்கடி தவறும் வடக்கத்தி அக்கிதாவில் 1928-இல் பிறந்தவர். அங்கே குழந்தைகளை வைக்கோல் கூடையில் திணித்துக் கட்டி வயல் ஓரத்தில் வைத்துவிட்டுப் பெற்றவர்கள் நாளெல்லாம் வேலை செய்வார்களாம். சாயங்காலம் எடுத்து இறக்கினால் கால் மடங்கியது மடங்கியபடி இருக்கும், குழந்தைக்கு நிற்க வராது. தன் நடனத்தின் கால் அந்தக் கால்தான் என்று அவர் பேசியிருக்கிறார். இதைப் பேத்திதான் எனக்குச் சொன்னாள். அவ்வளவு தெரிந்தவள் வயிற்றைப் பிடிக்கலாமா என்று அப்போதும் கேட்டேன்.

ஹூப்பர் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி தாதுப் பஞ்சத்தில் எடுத்த படங்களை அவள் அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தாள். எலும்பும் தோலுமானவர்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்த படங்கள். நிற்க முடியாதவரை நிமிர்த்தி வைத்திருப்பது பார்த்தாலே தெரிகிறது. அதைப் பார்த்து அதே மாதிரி உட்கார்ந்து காட்டுவதாக ஒரு காட்சி வைத்திருந்தாள். எடுத்துவிடு என்றேன். ஒருமுறை அவர்களைப் படத்துக்கு உட்காரவைத்தது போதும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கும் அவளுக்கும் இரண்டு நாள் பேச்சில்லை.

மூன்றாம் நாள் அவளே வந்து, "நல்லதங்காள் வைக்கலாமா தாத்தா?" என்று கேட்டாள்.

நல்லதங்காள் கதை தெரியாத வீடு எங்கள் பக்கம் இருக்காது. மானாமதுரையில் வாக்கப்பட்டவள். பன்னிரண்டு வருஷப் பஞ்சம். ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு, வத்திராயிருப்புப் பக்கத்து அர்ச்சுனாபுரத்துக்கு நடக்கிறாள். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். கடைசியில் ஓட்டைப் பானையும் எரியாத பச்சை வாழைமட்டையும் கொடுத்துக் காய்ச்சிக்கொள் என்கிறாள். நல்லதங்காள் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள். அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. மதுரை ஸ்பெஷல் நாடகக்காரர்கள் இந்தக் கதையை விடிய விடிய நடத்தி ஊரை அழவைப்பார்கள். மூளி வேஷம் போட்டவள் நன்றாக நடித்துவிட்டால் அன்றைக்கு அவளுக்கு டீ கொடுக்கவும் ஆள் யோசிக்கும்.

எங்கள் ஊரில் பூட்டி காலத்தில் இந்த நாடகம் போட்டால் அவள் முன்வரிசையில் பாய் போட்டு உட்காருவாளாம். நல்லதங்காள் பிள்ளைகளோடு நடந்துவரும்வரை பார்ப்பாள். மூளி கதவைச் சாத்தும் இடம் வந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். பாவம், பிள்ளைகள் சாவதைப் பார்க்க மனசு இல்லை என்று ஊர் சொன்னது. என் அப்பத்தாவும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

சாகிறதற்குக் கொஞ்சம் முன்னால் பூட்டி மருமகளிடம் சொன்னது வேறு. தாது வருஷத்தில் அவர்கள் வீட்டில் அரை மரக்கால் சோளம் இருந்தது. வரட்டி அடுக்குக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். ஒருநாள் சின்னாத்தா, அதாவது அவள் ஆத்தாவின் கூடப்பிறந்த தங்கச்சி, இடுப்பில் ஒரு பிள்ளையோடு வாசலில் வந்து நின்றாள். ஆத்தா உள்ளேயிருந்து ஏழு வயதுப் பூட்டியை அனுப்பினாள். இவள் போய்க் கதவை ஒரு சாண் திறந்து, "ஆத்தா வீட்டுல இல்லை" என்றாள். சின்னாத்தா ஒன்றும் கேட்கவில்லை. இவள் தலையைத் தடவிவிட்டுப் போனாள். கண்டிச்சீமைக்குக் கப்பலேறிவிட்டாள் என்று பிறகு ஒருத்தர் சொன்னார். வழியிலேயே செத்துவிட்டாள் என்று இன்னொருத்தர் சொன்னார். அவ்வளவுதான் தகவல்.

அறுபது வருஷத்துக்கும் மேலாக இதை ஒருத்தரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். குலுக்கையை மண் பூசி அடைத்தவள், கொல்லையில் பானை புதைத்தவள், பாயைச் சுருட்டியவள், எல்லாம் அந்தக் கதவில் நின்ற ஏழு வயதுப் பிள்ளைதான்.

இன்னொன்றும் உண்டு. சமைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் பூட்டியின் கை சட்டென்று மூடியை எடுத்துச் சட்டியின்மேல் வைத்துவிடுமாம். மறுநிமிஷமே மூடியைத் திறந்துவிட்டு, "யாரு, உள்ள வாங்க, சாப்பிடுங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுவாளாம். முதலில் மூடுவாள், பிறகுதான் கூப்பிடுவாள். அப்பத்தாவும் அப்படியே செய்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவள் தாது வருஷத்துக்கு இருபது வருஷம் கழித்துப் பிறந்தவள், சோற்றை ஒளிக்க வேண்டிய காலத்தைப் பார்க்காதவள். மாமியாரோடு சேர்ந்து அடுப்படியில் நின்று நின்று கை பழகியிருக்கிறது. யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வியாகச் "சாப்பிட்டீகளா?" என்று கேட்பதை மதுரைக்காரர்கள் விருந்தோம்பல் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். விருந்தோம்பல்தான். அந்தக் கேள்விக்கு அடியில் ஒரு மூடியும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மதுரைக்கு இன்னொரு கதையும் உண்டு என்பதைப் பேத்திக்குச் சொல்லாமல் விட்டால் பாவம். வடக்கு ஆவணி மூல வீதியில் குஞ்சரம் என்று ஒரு தாசி இருந்தாள். தாதுப் பஞ்சத்தில் நகையையும் வீட்டையும் விற்றுக் கஞ்சி காய்ச்சி ஊற்றினாள், கடைசியில் ஒன்றுமில்லாமல் செத்தாள், அவள் சாவுக்கு ஊரே திரண்டது என்பார்கள். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' நாவலில் அவள் வருகிறாள். ஆட்டமும் பாட்டும் தெரிந்த குலத்துப் பெண். பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் ஆறு பேருக்கும் கண் மின்னியது. குஞ்சரம் நான், குஞ்சரம் நான் என்று போட்டி. நல்லதங்காளுக்கும் இரண்டு பேர் தயார். சரி, மூளி யார் என்று கேட்டேன். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

அந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். பஞ்சத்தில் கொடுத்தவர்களைப் பற்றி ஊர் பேசும், செத்தவர்களைப் பற்றிச் சர்க்கார் கணக்கு எழுதும். கதவைச் சாத்தியவர்கள்தான் பிழைத்தார்கள். நீயும் நானும் பிழைத்தவர்கள் வயிற்றில் வந்தவர்கள். கப்பலில் தானியம் ஏற்றியவனும், ஒரு பவுண்டு போதும் என்று எழுதியவனும் நாடகத்தில் வரவே மாட்டான். ஊர் அத்தனை பழியையும் தூக்கி ஒரு அண்ணிக்காரி தலையில் போட்டுத் தலைமுறை தலைமுறையாக அவளை ஏசிக்கொண்டிருக்கிறது. அவள் வீட்டுக் குலுக்கையில் எவ்வளவு இருந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஆட வேண்டும் என்றால் அவளை ஆடு.

பேத்தி பதில் சொல்லவில்லை. சாயங்காலம் ஆகிவிட்டது. தட்டில் நிறுத்து வைத்த 450 கிராம் அரிசியை என்ன செய்வது என்று கேட்டார்கள். உலையில் போட வேண்டியதுதான் என்று மாடியிலேயே கேஸ் அடுப்பை வைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினோம். ஏழு பேருக்கு ஆளுக்கு ஒன்றரைக் கரண்டி வந்தது. வெங்காயமும் மோர்மிளகாயும் தொட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தது. கீழ்வீட்டு அம்மா காயப்போட்ட துணியை எடுக்கப் படியேறி வந்தார். "என்ன, மாடியில விருந்தா?" என்று சிரித்தார். "வாங்க, ஒரு வாய் குடிங்க" என்று நானும் சிரித்தேன்.

அவர் போனபிறகு பேத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து பார்த்தேன். சட்டியின்மேல் மூடி இருந்தது. நான் வைத்ததாக ஞாபகம் இல்லை.

மறுநாள் ஒத்திகையில் கும்மி வட்டம் போட்டார்கள். வரவர ஒரு கை தட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நேரம் கூடிக்கொண்டே போகிறது. வயிற்றை யாரும் பிடிக்கவில்லை. வட்டத்துக்கு வெளியே ஒரு இடத்தைச் சாக்பீஸால் குறித்து வைத்திருக்கிறாள் பேத்தி. ஒரு ஆள் நின்று கையால் மூடி, கையால் திறக்கும் இடம். அங்கே நிற்கிறவளைக் கடைசியில் வட்டத்துக்குள் கூப்பிடுவீர்களா என்று கேட்டேன். தெரியலை தாத்தா என்றாள். முதலில் நிற்க ஒருத்தி கிடைக்கட்டும் என்றாள்.